எரிகல்லைக் கண்டவர்

பஸ்ஸில் டிரைவர் முன்னால் பார்த்துக்கொண்டு போவார். கண்டக்டர் பின்னால் பார்த்துக்கொண்டு போவான். எல்கடுவையிலிருந்து உக்குவெல வழியாக மாத்தளைக்கு இறங்கும் விடிகாலை பஸ்ஸில் நான் கண்டக்டராகச் சேர்ந்த காலத்தில், எனக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். அந்த ஒரு வித்தியாசத்துக்காகவே அவர்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. யாரும் அதைச் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. தேயிலைத் தோட்டத்துச் சனங்களுக்கு அவர் டிரைவர் அண்ணே. உக்குவெலையில் ஏறும் சிங்களவர்களுக்கு டிரைவர் அய்யே, அவர்கள் பாஷையில் அதுவும் அண்ணன்தான். பஸ் முதலாளிகூட எனக்கு ஃபோன் எடுத்து, "டிரைவர் பக்கத்துல இருக்காரா?" என்றுதான் கேட்பார். குள்ளமான மனிதர். ஆசனத்தில் சாக்கு ஒன்றை மடித்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தால்தான் ஸ்டியரிங்குக்கு மேலே தலை தெரியும். ஐம்பதைத் தாண்டியிருந்தார். மனைவி இறந்து வெகுகாலம். ஒரே மகளை அலுவிகாரையில் கட்டிக்கொடுத்திருந்தார்.

காலையில் நான் வருவதற்கு முன்பே வந்துவிடுவார். பஸ்ஸின் முன்கண்ணாடியை அவரேதான் துடைக்க வேண்டும். பழைய சேலைத் துண்டு ஒன்று வைத்திருந்தார். பம்பரில் ஏறி நின்று, அதை நனைத்துப் பிழிந்து, மூலை மூலையாகத் துடைப்பார். நான் ஒருமுறை உதவி செய்யப்போய்த் துண்டை வாங்கித் துடைத்தேன். நான் இறங்கியதும் அவர் மறுபடி ஏறி முழுவதையும் துடைத்தார். முதலாளி சாமி படத்தைச் சுற்றிச் சிவப்பும் பச்சையுமாக மின்னும் விளக்குச் சரம் ஒன்றைக் கட்டியிருந்தார். வண்டியை எடுக்கும்போதே டிரைவர் அதை அணைத்துவிடுவார். கேட்டால், "சாமிக்கு இருட்டுலயும் கண்ணு தெரியும். எனக்குத் தெரியாதே" என்பார்.

பேசும்போதும் தலை திரும்பாது. எதிரே இருக்கும் கண்ணாடியிடம் பேசுவதுபோலப் பேசுவார். பதில் பின்னாலிருந்து வரும்.

சனங்களுக்கு அவரைப் பிடித்திருந்தது. எப்படிப் பிடிக்காமல் போகும், முன்னால் இருப்பவர் அவர்தானே என்று எனக்கு எரியும். கொய்யாக் காலத்தில் கொய்யா, பட்டர்ஃப்ரூட் காலத்தில் பட்டர்ஃப்ரூட், தீபாவளிக்குப் பலகாரப் பொட்டலம், எல்லாம் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வந்து விழும். அவர் எனக்குப் பாதி தருவார். அந்தப் பாதிதான் எனக்குத் தொண்டையில் சிக்கும். கூட்டத்தில் இடித்துப் பிடித்து எல்லோருக்கும் இடம் பண்ணிக் கொடுப்பவன் நான். குழந்தையைத் தூக்கி வாங்குபவன் நான். மழையில் கூரைமேல் ஏறி மூட்டையைக் கட்டுபவனும் நான்தான். இறங்கும்போது எல்லோரும் முன்பக்கம் பார்த்து, "வாறேன் டிரைவர் அண்ணே" என்று சொல்லிவிட்டு இறங்குவார்கள். என்னைப் பார்த்தால், "தம்பி, அந்தப் பைய எடு" என்பார்கள்.

இன்னொன்றும் இருந்தது. அந்தப் பாதையில் நடப்பது எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. எந்த லயத்து வீட்டில் காற்றுக்குக் கூரைத் தகரம் பறந்தது, யாருடைய மாடு கன்று போட்டது, எந்த மலையில் சிறுத்தையின் கால் தடம் கிடந்தது, எல்லாம் எனக்கு முன்பே அவருக்குத் தெரியும். முன்கண்ணாடி வழியாக உலகத்தையே பார்க்கிறார் என்று நினைத்தேன். காலை பஸ்ஸில் ஏறுகிற தேயிலை பறிக்கும் கொழுந்துக்காரப் பெண்ணிடமும், சந்தைக்குப் போகும் கிழவியிடமும் அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "என்னா கண்டீங்க?" அது அவருடைய வணக்கம் போலத்தான் எனக்குப் பட்டது. பதில் சொல்பவர்கள் வெகுநேரம் சொல்லிக்கொண்டு வருவார்கள். நான் டிக்கட் போடும் மும்முரத்தில் அதையெல்லாம் காதில் வாங்கியதில்லை.

ஒரு பெண் எங்கள் பஸ்ஸில் வரத் தொடங்கியது அப்போதுதான். தோட்டத்தின் மேல்பிரிவு லயத்துப் பெண். உக்குவெலைக்கு அப்பால் துணி தைக்கும் ஒரு கார்மெண்டில் வேலை. முன்கதவை ஒட்டிய முதல் சீட்டில்தான் உட்காருவாள். அது மதகுருமாருக்கு ஒதுக்கிய சீட். அவ்வளவு காலையில் எந்தச் சாமியாரும் ஏறுவதில்லை. உக்குவெலையில் எப்போதாவது ஒரு பிக்கு ஏறினால் எழுந்து இடம் விட்டுவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவள் முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் தேவையில்லாமல் முன்னால் போய் வருவேன். ஆனால் அவள் பேசுவதெல்லாம் அவரோடு. அவர் கேட்பார், அவள் சொல்லுவாள். பின்னாலிருந்து பார்த்தால் அவளுடைய பின்னலும் அவருடைய காதும் மட்டும் தெரியும். அவர் அவளுக்கு அப்பா வயதுக்காரர் என்று எனக்குத் தெரியாமலா? தெரிந்தும் என்ன பிரயோசனம், எனக்கு அந்தக் காதைப் பார்த்தாலே கோபம் வந்தது.

அன்றைக்கு நல்ல குளிர். கொரோனா வருவதற்கு முந்தைய வருடம். பஸ்ஸுக்குள் எல்லா ஷட்டரையும் இறக்கிவிட்டிருந்தார்கள். பாதிப்பேர் சால்வையால் தலையை மூடித் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வெளியே இன்னும் கருக்கல் கலையவில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிக்கொண்டிருந்தோம். சந்தைக்குப் போகும் ஒருவரின் கோவா மூட்டை, முட்டைக்கோஸ்தான், கடைசி சீட்டுக்கு அடியிலிருந்து நழுவி நடுவழிக்கு வந்துவிட்டது. நான் குனிந்து, இரண்டு கையாலும் அதைத் திரும்ப உள்ளே தள்ளிக்கொண்டிருந்தேன்.

திடீரென்று பஸ்ஸுக்குள் பகலாகிவிட்டது. வெளிச்சம் முன்பக்கத்திலிருந்து வந்தது. நீலம் கலந்த வெள்ளை. யாரோ வெல்டிங் பண்ணுவதுபோல. என் கைகளின் நரம்பு தெரிந்தது. கோவா இலைகளின் பச்சை தெரிந்தது. சீட்டுக் கம்பிகளின் நிழல்கள் தரையில் விழுந்து, ஒன்றாகச் சேர்ந்து, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வழுக்கிக்கொண்டு போயின. நிழல் அப்படி ஓடி நான் அதுவரை பார்த்ததில்லை. நிமிர்ந்தபோது தலை சீட்டுக் கம்பியில் இடித்தது. நிமிர்ந்து முன்னால் பார்த்தேன். முன்கண்ணாடி கறுப்பாக இருந்தது.

பஸ் அதே வேகத்தில் வளைவை முடித்துக்கொண்டு போய், கொஞ்சம் அகலமான இடத்தில் மெதுவாக நின்றது. பிறகு மலைகளுக்கு அப்பாலிருந்து ஒரு உறுமல் வந்தது. இடி மாதிரியும் இருந்தது, லொறி மாதிரியும் இருந்தது. தூங்கியவர்கள் அப்போதுதான் எழுந்தார்கள். ட்ரான்ஸ்ஃபோமர் வெடித்துவிட்டது என்று ஒருவர் சொன்னார். ஒரு கிழவி மாரியம்மனைக் கூப்பிட்டாள். நான் முன்னால் ஓடிப்போய் என்ன என்று கேட்டேன்.

முன்சீட்டில் இருந்த அவள் அவரைப் பார்த்து, "நீங்களும் பாத்தீங்கதானே, அண்ணே?" என்றாள். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தாள்.

அவர் கொஞ்சம் தாமதித்து, "ஆமா புள்ள" என்றார்.

நான் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

உக்குவெலைக்குப் போய்ச் சேருவதற்குள் அந்தச் செய்தி எங்களை முந்திக்கொண்டு போய்விட்டது. அங்கே பலபேர் வெளிச்சத்தைக் கண்டிருந்தார்கள். ஆனால் கடைத்தெரு மரங்களும் கூரைகளும் மறைத்ததால் யாருக்கும் முழுதாகத் தெரியவில்லை. மலையில், திறந்த வானத்துக்கு முன்னால் இருந்தது எங்கள் பஸ் மட்டும். பஸ்ஸுக்குள் கண் திறந்திருந்தது முன்சீட்டில் இரண்டு பேர். மாத்தளை ஸ்டாண்டில் ஆட்கள் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். வெள்ளரிப் பழம் அளவு நெருப்புக் கட்டி என்றும், பச்சை வால் என்றும், கடைசியில் மூன்று துண்டாக உடைந்து மலைக்குப் பின்னால் விழுந்தது என்றும் சனம் பேசிக்கொண்டது. என்னிடமும் கேட்டார்கள். கோவா மூட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தேன் என்று உண்மையைச் சொன்னேன். அன்றிலிருந்து மழைக்காலம் முடியும்வரை ஸ்டாண்டில் என் பெயர் கோவா.

இரண்டு நாள் கழித்து ஃபோனும் மைக்குமாக ஒரு பையன் வந்து அவரிடம் பேசி, படம் பிடித்து யூடியூபில் போட்டான். அவர் டிரைவர் சீட்டிலேயே இருந்து, முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார். அதைப் பிறகு நான் பல தடவை போட்டுப் பார்த்திருக்கிறேன். அவருடைய முகம் இருக்கிறது. அவள் வெட்கத்தோடு சிரித்துத் தலையாட்டுவது இருக்கிறது. ஓரத்தில் ஒரு முழங்கை இருக்கிறது. அது என்னுடையது.

வானத்தில் ஒரு வெளிச்சம், கொஞ்ச நேரம் இருந்தது, போய்விட்டது. அதற்குப்போய் இவ்வளவு வயிற்றெரிச்சலா என்று கேட்கலாம். ஒரு வீட்டுக்குப் போகும்போது அங்கே இரண்டுபேர் நீங்கள் வருவதற்கு முன் சொன்ன பகிடிக்குச் சிரித்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? எனக்குத் தினமும் காலையில் அப்படி இருந்தது. அந்த வளைவு வரும்போது அவர்கள் இருவரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். பிறகு அவர் மெதுவாக ஏதோ கேட்பார். அவள் ஏதோ சொல்லுவாள். நான் பெல்லை இரண்டு தரம் கூடுதலாக அடிப்பேன்.

டிசம்பரில் விண்கற்கள் நிறைய விழும், ஒரு மணி நேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்று ஃபோனில் ஒரு வீடியோவில் கண்டேன். மறுநாள் விடிவதற்கு வெகு முன்பே எழுந்து, லயத்துக்கு மேலே மிளகுக் கொடிகளுக்கு நடுவில் போய் ஒரு கல்லில் மல்லாந்து படுத்தேன். வானம் கொஞ்சம் திறந்திருந்தது. நட்சத்திரம் இருந்தது. எல்லாம் அதனதன் இடத்தில் அசையாமல் இருந்தது. கழுத்து வலித்தது. பிறகு பனிமூட்டம் இறங்கி எல்லாவற்றையும் மூடியது. அதோடு மேட்டிலிருந்து டோர்ச் வெளிச்சமும் ஒரு நாயும் வந்தன. மிளகு திருட வந்தவன் என்று காவல்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். வானம் பார்க்க வந்தேன் என்று சொன்னதை அவர் நம்பவில்லை. அவருடைய நாயும் நம்பவில்லை. பஸ் புறப்படும் நேரம் ஆகிவிட்டதால், சட்டையில் சேறோடு என்னை நேரே பஸ்ஸடிக்குக் கூட்டி வந்தார். டிரைவர் அண்ணன்தான் சாட்சி சொல்லி விடுவித்தார்.

வண்டி நகர்ந்ததும், தலையைத் திருப்பாமல், "என்னா கண்ட தம்பி?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல" என்றேன். கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்தேன். அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை.

இவ்வளவுக்கும் என் கல்யாணத்தைப் பேசி முடித்ததே அவர்தான். நான் என் ஆசையை ஒருவரிடமும் சொன்னதில்லை. அவர் எப்படியோ அறிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மேல்பிரிவுக்கு ஏறிப்போய் அவள் அப்பாவிடம் பேசியிருக்கிறார். பையன் கோபக்காரன், ஆனால் ஏறுகிற குழந்தையைக் கீழே விட்டதில்லை என்று சொன்னாராம். அவளும் சம்மதித்துவிட்டாள் என்று வந்து என்னிடம் சொன்னபோது எனக்கு நன்றி சொல்லக்கூட வரவில்லை. அந்த மனிதர்மேல் நிம்மதியாகப் பொறாமைப்படவும் எனக்கு வழியில்லாமல் போயிற்று.

கல்யாணம் மாத்தளையில் கோயிலில் நடந்தது. மாலையோடு நான் நிற்கிறேன். அவளுடைய சினேகிதிகள், எரிகல்லைப் பார்த்தவள் நீதானே என்று கேட்கிறார்கள். அவள் கையை நீட்டி, பந்தி விசாரித்துக்கொண்டிருந்த அவரைக் காட்டி, "நானும் டிரைவர் அண்ணனும்தான்" என்கிறாள். ஃபோட்டோக்காரர் என்னைச் சிரிக்கச் சொன்னார். அந்த ஃபோட்டோ எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. நான் சிரிக்கவில்லை.

பிறகு டீசல் இல்லாத வருடம் வந்தது. அலுவிகாரைக்கு அருகில் பெரிய ரோட்டில், டீசல் அடிக்க எண்ணெய் செட்டுக்கு நீண்ட வரிசையில் பஸ்ஸை நிறுத்திவிட்டு நாட்கணக்காகக் கிடந்தோம். லொறிக்காரர், வேன்காரர், திரீவீலர்காரர் எல்லோரும் வெயிலுக்கு எங்கள் பஸ் நிழலில் வந்து உட்காருவார்கள். அவருடைய மகள் வீட்டிலிருந்து தேத்தண்ணி வரும். பேசிப் பேசி, எல்லாக் கதையும் தீர்ந்த பிறகு யாராவது எரிகல்லைக் கேட்பார்கள். அவரும் சொல்லுவார்.

அன்று அவர் சொல்லும்போது, "கிணத்துக்குள்ள விளக்கு விழுந்தா எப்படி இருக்கும், அப்படிப் போனிச்சு" என்றார்.

அது என் மனைவியின் வார்த்தை. ஒருநாள் அவள் தன் தங்கைக்குச் சொல்லிக்கொண்டிருந்ததை அடுத்த அறையிலிருந்து நான் கேட்டிருக்கிறேன். அதே கிணறு, அதே விளக்கு. இரண்டுபேரும் ஒன்றைப் பார்த்தால் ஒரே வார்த்தைதான் வரும் போலிருக்கிறது என்று நினைத்தேன். எழுந்து போய் வரிசையின் கடைசிவரை நடந்துவிட்டு வந்தேன். வீட்டுக்குப் போனபோது அவளிடம் அதைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எங்களுக்கு மகள் பிறந்திருந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டேன்.

அடுத்த வருடம், ஒரு வெயில் காலையில், உக்குவெலைக்குச் சற்று முன்னால் இடது பக்கத்துக் குறுகிய ஒழுங்கைப் பாதையிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் ரோட்டில் வந்து ஏறியது. அவர் பிரேக் பிடித்தார். ஒருவருக்கும் ஒன்றுமில்லை. சைக்கிள்காரன் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டான். இந்த மாதிரி எந்த ரோட்டிலும் நடக்கும். அவர் வண்டியை ஓரமாக்கினார். எஞ்சினை நிறுத்தினார். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, ரோட்டில் நேராக நின்று, என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீ இந்தப் பக்கமா வந்து நில்லு. கைய ஆட்டு."

அவருக்கு இடது பக்கம், கொஞ்சம் தள்ளி நின்று கையை ஆட்டினேன். அவர் நேரே பார்த்தபடி நின்றார்.

"ஆட்டுறியா?"

நான் ஆட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

சாவியை என்னிடம் தந்து, முதலாளிக்கு ஃபோன் பண்ணி வேறு டிரைவரை அனுப்பச் சொன்னார். பஸ் நிறையச் சனம். வேலைக்குப் போகிறவர்கள், கிளினிக்குக்குப் போகிறவர்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. ஒருவர் பின் ஒருவராக இறங்கி வந்து அவர் பக்கத்தில் நின்றார்கள். முதலாளி, இன்றைக்கு மட்டும் கொண்டுபோய் விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சினார். இவர் கேட்கவில்லை. அதன்பிறகு அவர் எந்த வண்டியின் டிரைவர் சீட்டிலும் உட்கார்ந்ததில்லை. கண்ணில் அழுத்தம் கூடி ஓரப்பார்வை முழுக்கப் போய்விட்டது என்றும், மிச்சமும் மெல்ல மெல்லப் போகும் என்றும் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இப்படி எத்தனை காலமாக ஓட்டினீர்கள் என்று டாக்டரே ஆச்சரியப்பட்டாராம்.

நான் அவரைப் பார்க்கப் போகச் சில மாதங்கள் ஆயின. அலுவிகாரையில் மகள் வீட்டு முன்னறையில் இருந்தார். குரலைக் கேட்டதும் அடையாளம் கண்டுகொண்டார். முகத்தை நேராக என் பக்கம் திருப்பினார். இத்தனை வருடத்தில் அவர் என்னை நேராகப் பார்த்துப் பேசியது அன்றுதான் என்று தோன்றியது. புது டிரைவர் எப்படி, மேல்பிரிவுப் பாலத்தைக் கட்டிவிட்டார்களா, மகள் பேசுகிறாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல, சாப்பிடுபவரைப் போல வாயை லேசாக அசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். உள்ளே கிடந்ததுதான் வந்தது. "கண்ணு போனாலும் ஒங்களுக்குப் பரவாயில்லண்ணே. அத பாத்துட்டீங்க. எனக்கு ரெண்டு கண்ணும் நல்லா இருக்கு, ஒண்ணும் காணல" என்றேன்.

அவர் சிரித்தார். பிறகு உள்ளே மகள் இருக்கிறாளா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"நான் அத பாக்கல தம்பி."

நான் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"நாம வளைவுல இருந்தோம். வண்டி நெறையச் சனம். வெளிச்சம் வந்துச்சு. நான் ரோட்டத்தான் பாத்தேன். பின்ன என்னத்தப் பாக்குறது? ரோடு பளிச்சுன்னு இருந்துச்சு. மதகுல ஒரு பக்கம் கல்லு கழண்டு தொங்குனத அன்னைக்குத்தான் கண்டேன். மேல பாக்குறதுக்குள்ள இருட்டிருச்சு."

பிறகு ஏன் பார்த்ததாகச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"அந்தப் புள்ள கேட்டுச்சே. பயந்துபோயிருந்துச்சு. ஆமான்னுட்டேன். பொறகு எல்லாரும் கேக்குறாங்க. அதுகிட்டயே தெனமும் கொஞ்சம் கொஞ்சமாக் கேட்டு வச்சுக்கிட்டேன். எனக்கும் ஆசையா இருந்துச்சு தம்பி, எப்படி இருந்திச்சுன்னு."

அங்கிருந்து பஸ்ஸில் வரும்போது எனக்குள் ஒரு கொண்டாட்டம். அதை மறைப்பதற்கில்லை. அவரும் பார்க்கவில்லை. அந்த வீடியோ பொய். அந்தக் கிணறும் விளக்கும் அவர் இரவல் வாங்கியது. இத்தனை வருடமாக நான் எரிந்தது ஒன்றுமில்லாத ஒன்றுக்காக. வீட்டுக்குப் போய் இதை அவளிடம் போட்டு உடைக்க வேண்டும் என்று கால் பரபரத்தது. படியேறும்போதுதான், அப்படியென்றால் அவள் அதைத் தனியாகவே பார்த்திருக்கிறாள் என்பது உறைத்தது. கொஞ்சநேரம் வாசலில் நின்றேன். ஆனாலும் சொல்லிவிட்டேன்.

அவள் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"தெரியுமே" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"திரும்புனப்பக் கண்டேன். வெளிச்சம் அவர் மூஞ்சியில அடிக்குது. அவரு ரோட்டத்தான் பாத்துக்கிட்டிருந்தாரு."

தெரிந்துகொண்டே ஏன் அவரிடம் அப்படிக் கேட்டாய் என்றேன். கார்மெண்டில் வேலைசெய்யும் ஒருத்தி தனியாக எதையோ கண்டேன் என்று சொன்னால் பேய் அறைந்துவிட்டது என்று கயிறு கட்டிவிடுவார்கள், ஒருவர் துணைக்கு இருந்தால்தான் நம்புவார்கள் என்றாள். அவர் ஆமாம் என்று சொன்ன நேரத்தில் அழுகையே வந்துவிட்டதாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அவர் கேட்டாராம். என்ன நிறம், சத்தம் இருந்ததா, வேகமா மெதுவா, உனக்குப் பயமா சந்தோஷமா என்று. சொல்லிச் சொல்லித்தான் அது தனக்கு மறக்காமல் இருக்கிறது என்றாள்.

பின்னலை முடிந்து ரிப்பன் கட்டினாள். மகள் எழுந்து ஓடினாள்.

"நீங்க ஒருநாளும் கேட்டதில்லையே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

சொன்னாள். முதலில் மாத்தளைப் பக்கத்து மேகத்துக்கு ஒரு விளிம்பு தெரிந்ததாம். நிலா வருகிறது என்று நினைத்தாளாம். பிறகு மேகத்துக்குக் கீழே அது வந்தது. வேகமாக இல்லை. நாங்கள் போகும் பக்கமாகவே, எங்களோடு சேர்ந்து இறங்குவதுபோல இறங்கியது. நடுவில் வெள்ளை, ஓரத்தில் வாழைக்குருத்துப் பச்சை. தேயிலை மலை முழுவதும் ஒவ்வொரு செடியாகத் தெரிந்தது. கீழே யாரோ ஒருவர் ரோட்டோரம் குந்திக்கொண்டு பல் விளக்கிக்கொண்டிருந்தது கூடத் தெரிந்தது. அந்த ஆள் பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே மேலே பார்த்தார்.

"மூணா ஒடஞ்சது?" என்று கேட்டேன்.

"அத நான் பாக்கல. உக்குவெலயில சனம் பேசுனத அண்ணன் சேத்துக்கிட்டாரு. ஒடையிறதுக்குள்ள நான் திரும்பிட்டேனே."

"அத விட்டுட்டு எதுக்குத் திரும்புன?"

அவள் சீப்பிலிருந்த முடியை எடுத்து விரலில் சுற்றினாள்.

"ஒங்களக் கூப்பிடத்தான்" என்றாள். "கூப்பிட்டேன். ஒங்களுக்குக் கேக்கல."

டிரைவர் அண்ணனைப் பார்க்க இப்போது மாதத்தில் ஒருமுறையாவது போகிறேன். அவருக்கு இப்போது வாசல் வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. ரோட்டில் நடப்பது, தோட்டத்தில் நடப்பது எல்லாவற்றையும் கேட்கிறார். நானும் ஒன்று விடாமல் சொல்கிறேன். வீட்டில் அந்த எரிகல்லைப் பற்றிப் பேசினீர்களா, அந்தப் புள்ள என்ன சொல்லிச்சு என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறார். அவள் கடைசியாகச் சொன்ன அந்த ஒன்றை மட்டும் நான் இன்னும் அவருக்குச் சொல்லவில்லை.